தலைவர் வரலாறு ஒன்றை அடுத்தவரைப் படிக்க வைப்பது எப்படி?

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் நாங்கள் நடத்தும் படிப்பகத்தில் தலைவர்கள் வரலாறு ஓர் அலமாரி நிறைய இருக்கிறது. "அருமையான புத்தகம், படிங்க அண்ணே" என்று நீட்டினால் யாரும் தொடுவதில்லை. பிறப்பு, பள்ளிக்கூடம் என்று போகும் முதல் அத்தியாயத்தை விடுங்கள். அந்தத் தலைவர் ஒரு முடிவை எடுத்தே ஆக வேண்டிய பக்கத்தைத் தேடி, அங்கே ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகிக் கொடுங்கள்.

காமராஜர் என்றால் 1963. ஒன்பது வருடம் முதல்வராக இருந்தவர், கட்சி வேலைக்காகப் பதவியைத் தானே விட்டார். 1967இல் சொந்த ஊரான விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். இதைச் சொல்லிவிட்டு, "அவர் பதவியை விட்டது சரியா அண்ணே?" என்று கேளுங்கள். சண்டை போடுவதற்காகவாவது படிப்பார்.

மீன்பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளை வந்தால் நான் நேரே சிங்காரவேலரிடம் போய்விடுவேன். 1860இல் மீனவர் குடும்பத்தில் பிறந்து வக்கீலானவர். 1923 மே 1 அன்று இந்தியாவின் முதல் மே தினத்தை நடத்தினார். ஒரு கூட்டம் திருவல்லிக்கேணி கடற்கரையில், இன்னொன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிர்க் கடற்கரையில். நம்ம பேட்டையிலிருந்து எட்டிவிடும் தூரம்தான்!

அப்புறம், வெறும் புகழ்ச்சியாக இருக்கும் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். தோல்விக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கடிதமோ சட்டமன்றப் பேச்சோ வந்தால், எங்கிருந்து எடுத்தது என்று போட்டிருக்க வேண்டும். தடிமனான புத்தகமா? எதைத் தாண்டலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். மாநாட்டுத் தீர்மானப் பட்டியலை நானே படிப்பதில்லை.