மோட்டார் படகில் ஸ்டியரிங் இறுகுகிறதா? பம்ப் வாங்கும் முன் இந்த வரிசையில் பாருங்கள்

ஸ்டியரிங் இறுகியதும் பலரும் முதலில் சந்தேகப்படுவது பவர் ஸ்டியரிங் பம்ப்பைத்தான். ஆனால் ஸ்டெர்ன் டிரைவ் படகுகளில், அதாவது இன்ஜின் உள்ளேயும் டிரைவ் பின்புறம் வெளியேயும் இருக்கும் படகுகளில், பெரும்பாலும் கோளாறு இருப்பது கேபிளில். பம்ப்பை மாற்றிவிட்டு, அதே இறுக்கத்தோடு தண்ணீரில் இறங்கியவர்கள் ஏராளம்.

காரணம் இதன் அமைப்பிலேயே இருக்கிறது. சக்கரத்தைத் திருப்பினால் கேபிள் தள்ளும் அல்லது இழுக்கும். அதன் மறுமுனை படகின் பின்சுவரில் உள்ள ஆக்சுவேட்டரோடு இணைந்திருக்கும். அங்கே ஒரு சிறு வால்வு. கேபிள் அந்த வால்வைச் சற்றே நகர்த்தினால் போதும், பம்ப் தரும் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளி டிரைவைத் திருப்பிவிடும். பவர் கிடைப்பது கேபிளுக்கு அப்பால்தான் என்பதைக் கவனியுங்கள். கேபிளுக்குள் இருக்கும் உராய்வை உங்கள் கைதான் வெல்ல வேண்டும். பம்ப் அதில் உதவாது.

(படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு இன்ஜின்களில் பெரும்பாலும் இப்படி இன்ஜின் பெல்ட்டால் ஓடும் பம்ப் கிடையாது. ஹைட்ராலிக் ஸ்டியரிங் உள்ள அவுட்போர்டில் சக்கரம் பஞ்சு மாதிரி அமுங்கினால், லைனில் காற்று புகுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது வேறு கதை. இங்கே ஸ்டெர்ன் டிரைவ் மட்டும்.)

தொடங்கும் முன்

படகு கரையில் இருக்கட்டும். பெட்ரோல் இன்ஜின் என்றால் ஸ்டார்ட் செய்யும் முன் புளோயரை (இன்ஜின் அறையின் காற்றை வெளியேற்றும் விசிறியை) 4 நிமிடம் ஓடவிட்டு, இன்ஜின் அறையில் பெட்ரோல் வாடை இருக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். இன்ஜினை ஓட்டிப் பார்க்கும் கட்டம் வரும்போது, டிரைவுக்குத் தண்ணீர்க் குழாய் இணைத்திருக்க வேண்டும். வறட்டு ஓட்டத்தில் தண்ணீர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் சீக்கிரமே கருகிவிடும். பெல்ட் பக்கம் கை போகும்போது சாவி உங்கள் பையில் இருக்கட்டும்.

படி 1: அறிகுறியைப் பிரித்துப் பாருங்கள்

இன்ஜின் அணைந்திருக்கும்போது சக்கரம் கனமாக இருப்பது இயல்பு. ஓடும்போதும் அதே கனம்தானா?

- ஓடினாலும் நின்றாலும் வித்தியாசமே இல்லை: கேபிள் இறுகியிருக்கலாம், அல்லது பவர் வந்து சேரவே இல்லை.
- ஐடிலில் கனம், வேகம் கூட்டினால் சரியாகிறது: பெல்ட் வழுக்குகிறது, ஆயில் குறைவு, அல்லது பம்ப் தளர்ந்துவிட்டது.
- திருப்பும்போது கீச்சென்று சத்தம்: பெல்ட். முனகல் அல்லது உறுமல்: ஆயிலில் காற்று.
- ஒரு பக்கம் மட்டும் கனம்: கேபிள் அல்லது வால்வு. ஓட்டும்போது படகே ஒரு பக்கம் இழுத்தால் கடைசிப் பகுதியைப் பாருங்கள்.

படி 2: ஆயில்

டிரைவை நேராக வைத்து, இன்ஜினை நிறுத்திவிட்டு டிப்ஸ்டிக்கை எடுங்கள். பல மாடல்களில் குளிர்ந்த நிலைக்கும் சூடான நிலைக்கும் தனித்தனிக் குறி இருக்கும். எந்த ஆயில் என்பதைக் கையேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். டெக்ஸ்ரான் 3 ரக ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) போடச் சொல்லும் இன்ஜின்கள் நிறைய உண்டு.

அளவை விட நிறம் அதிகம் சொல்லும். தெளிந்த சிவப்பு நல்லது. நுரைத்திருந்தால் காற்று, பம்ப்புக்கு ஆயில் திரும்பும் ஹோஸின் கிளாம்ப்பை இறுக்கிப் பாருங்கள். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. வெளித் தண்ணீர் ஓடும் ஆயில் கூலர் உள்ளே அரித்து ஓட்டை விழுந்திருப்பதுதான் வழக்கமான காரணம். ஆயிலை மட்டும் மாற்றினால் மறுபடியும் வெளுக்கும். கூலரை மாற்றி, லைன் முழுவதையும் புது ஆயிலால் கழுவ வேண்டும். கூலரைக் கழற்றும்போது அதன் வாயில் பாசியோ, உடைந்த இம்பெல்லர் துண்டோ அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இன்ஜின் சூடேறும் தொல்லையும் கூடவே இருந்தால் இது இன்னும் முக்கியம்.

படி 3: பெல்ட்

நீண்ட இடைவெளியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். சாதாரண வி பெல்ட் சுமார் 6 மில்லிமீட்டர் அமுங்கலாம். உங்கள் மாடலுக்கான அளவு கையேட்டில் இருக்கும். உள்பக்கம் கண்ணாடி போல் பளபளத்தால், இறுக்கினாலும் வழுக்கும். மாற்றிவிடுங்கள்.

படி 4: கேபிளைப் பிரித்துப் பாருங்கள்

இந்தப் படியை மட்டும் தவிர்க்காதீர்கள். இன்ஜின் அணைந்திருக்க, கேபிள் தண்டை ஆக்சுவேட்டரின் கிளெவிஸோடு (கவை போன்ற இணைப்போடு) பிணைக்கும் பின்னிலிருந்து காட்டர் பின்னை (அது கழன்றுவிடாமல் தடுக்கும் சிறு கம்பியை) உருவி, பின்னைக் கழற்றுங்கள். இப்போது சக்கரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்புங்கள்.

இன்னும் இறுக்கமா? கோளாறு கேபிளில், அல்லது சக்கரத்துக்குப் பின்னால் உள்ள ஹெல்மில். கேபிளின் பின்முனையில், உறை உப்பிப் பிளந்திருக்கிறதா, தண்டில் துருக்குழிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். உறை உப்பியிருந்தால் உள்ளே துரு ஏறிவிட்டது என்று பொருள். கிரீஸ் அடித்து மீட்க முயல வேண்டாம். கேபிளைப் பழுது பார்ப்பது கிடையாது, மாற்றுவதுதான். நீளம் பெரும்பாலும் உறையிலேயே அச்சிட்டிருக்கும். புதியதை 20 சென்டிமீட்டர் ஆரத்துக்கும் குறைவாக வளைக்காதீர்கள்.

சக்கரம் இலகுவாகச் சுற்றினால், வெளியே போய் டிரைவை இரு கைகளாலும் பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளுங்கள். சிலிண்டரில் ஆயில் இருப்பதால் சீரான எதிர்ப்பு இருக்கும், அது சரி. நடுவில் பிடித்துப் பிடித்து நகர்ந்தாலோ கரகரத்தாலோ கிம்பல் ரிங்கின் (டிரைவைத் தாங்கி, பக்கவாட்டில் திரும்ப விடும் வளையத்தின்) புஷ்களும் ஸ்டியரிங் தண்டும் தேய்ந்திருக்கின்றன. அது டிரைவைக் கழற்றிச் செய்யும் வேலை, மெக்கானிக்கிடம் விடுங்கள்.

கேபிளும் டிரைவும் நன்றாக இருந்து, பவர் மட்டும் வரவில்லையென்றால் எளிதில் கண்ணுக்குத் தப்பும் ஒன்று இருக்கிறது. வால்வு வேலை செய்ய, பின்சுவர் அருகே கேபிள் சற்று அசைய வேண்டும். ஒயர்களையும் ஹோஸ்களையும் யாராவது அழகாக அதோடு சேர்த்து டை போட்டுக் கட்டியிருந்தால் அந்த அசைவு போய்விடும். டையை வெட்டிவிட்டுச் சோதியுங்கள்.

திரும்ப மாட்டும்போது காட்டர் பின் புதியதாக இருக்கட்டும். கேபிள் முனையில் கிரீஸ் நிப்பிள் இருந்தால், தண்டு முழுவதும் உறைக்குள் போகும்படி சக்கரத்தைத் திருப்பிவிட்டே கிரீஸ் அடியுங்கள். தண்டு வெளியே நீட்டியிருக்கும்போது அடித்தால் கிரீஸ் உள்ளே அடைபட்டு ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும்.

படி 5: காற்றை வெளியேற்றுதல்

ஆயில் குறைந்திருந்தாலோ ஹோஸ் கழற்றியிருந்தாலோ இது கட்டாயம். குளிர் குறி வரை ஊற்றி, இன்ஜின் அணைந்த நிலையில் சக்கரத்தை இரு முனைக்கும் சில முறை திருப்பி, குறைந்ததை நிரப்புங்கள். பிறகு தண்ணீர்க் குழாயைத் திறந்து, இன்ஜினை 1000 முதல் 1500 ஆர்பிஎம்மில் ஓட்டி மீண்டும் திருப்புங்கள். முனையில் இடித்துப் பிடித்து நிற்காதீர்கள். ஆயில் வேகமாகச் சூடேறும். நுரை வந்தால் நிறுத்தி, அது அடங்கும் வரை விட்டுவிட்டுத் திரும்பச் செய்யுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கனமாகவே இருந்தால்தான் பம்ப், வால்வு. அதற்கு அழுத்தமானி வைத்து அளக்க வேண்டும். பம்ப்பை நீங்களே மாற்றுவதாக இருந்தால் புல்லியைக் கழற்ற அதற்கான புல்லர் தேவை. சுத்தியலால் தட்டினால் புதுப் பம்ப்பின் தண்டும் சேர்ந்து போகும்.

ஒரு பக்கம் இழுத்தால்

பவர் ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம். புரொப்பெல்லருக்கு மேலே டிரைவில் ஒரு சிறு டிரிம் டேப் (துடுப்பு போன்ற சிறு தகடு) இருக்கும். வழக்கமாக ஓட்டும் வேகத்தில், வழக்கமான சுமையோடு, டிரிம்மையும் (டிரைவின் மேல்-கீழ் சாய்வையும்) சரியாக வைத்துச் சோதியுங்கள். சக்கரம் வலப்பக்கம் எளிதாகத் திரும்பினால் டேப்பின் பின்விளிம்பை வலப்பக்கமும், இடப்பக்கம் எளிதென்றால் இடப்பக்கமும் சிறிதளவு நகர்த்தி, போல்ட்டை இறுக்கி, மறுபடி ஓட்டிப் பாருங்கள்.