ஒரே ரிஃப், நான்கு நடை: ராக் குழுவின் சத்தம் எங்கே பிறக்கிறது?

குழுவின் தனிச்சத்தம் கிட்டார் பெடலில்தான் (காலால் மிதித்துக் கிட்டாரின் ஒலியை மாற்றும் கருவி) இருக்கிறது என்று நானும் வெகுநாள் நம்பியிருந்தேன். தாளத்தின் நடையை மாற்றிய நாளில்தான் எங்கள் குழுவே வேறு குழுவாகக் கேட்டது. நீங்களும் செய்து பாருங்கள்.

முதலில், நாலைந்து சுரங்களே உள்ள எளிய ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன கிட்டார் துணுக்கு) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ரோனோம் (சீராக டிக் டிக் என்று அடிக்கும் கருவி) நிமிடத்துக்கு 90 அடியில் இருக்கட்டும். ஒவ்வொரு அடிக்கும் "தக" என்று வாயால் சொல்லிக்கொண்டே வாசியுங்கள். நான்கு நான்கு அடியாக எண்ணுங்கள். டிரம்மில் 1, 3-க்கு கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்). 2, 4-க்கு ஸ்னேர் (குச்சியால் அடிக்கும், 'சட்'டென்று ஒலிக்கும் டிரம்). இது நேர் ராக் நடை.

அடுத்தது ஷஃபிள். "தக" இருந்த இடத்தில் "தகிட" சொல்லுங்கள். அப்புறம் நடுவிலுள்ள "கி"யை விழுங்கிவிடுங்கள்: "த-ட, த-ட". வேகம் மாறவில்லை, சுரம் மாறவில்லை, ஆனால் ரிஃப் ப்ளூஸ் பக்கம் சாய்ந்துவிடும். இந்தப் படியில் ஒரு வாரம்கூடத் தங்கலாம். "ட"வைக் கொஞ்சம் முன்னே இழுத்தால் நேர் நடைக்கும் ஷஃபிளுக்கும் இடையில் ஓர் இடம் கிடைக்கும். 1950-களில் ராக் அண்ட் ரோல் முன்னோடி சக் பெர்ரியின் பதிவுகள் சிலவற்றில் கிட்டார் நேராகப் போகும், டிரம் ஷஃபிள் போன்ற ஸ்விங்கில் போகும். அந்த உரசலில் பிறக்கும் துள்ளல் எனக்கு இன்றும் சலிக்கவில்லை.

மூன்றாவது, ஹாஃப் டைம், அதாவது பாதி வேகம் போலக் கேட்கும் நடை. ஸ்னேரை 3-இல் மட்டும் அடியுங்கள். அதே ரிஃப் கனத்துப்போகும். மெட்டல் குழுக்களுக்குப் பிடித்த வழி இது.

நான்காவது, ஜமைக்காவின் ரெகே. "தக"வில் "க" மீது மட்டும் கிட்டாரைச் சுருக்கென்று வெட்டுங்கள். முதல் அடியில் டிரம் சும்மா இருக்கட்டும். கிக், ஸ்னேர் இரண்டும் 3-இல் சேர்ந்து விழட்டும். கிட்டார் விட்ட இடத்தில் பேஸ் கிட்டார் பாட ஆரம்பிக்கும். 1977-இல் லண்டனில் உருவான தி போலீஸ் குழுவில் மூன்றே பேர். ரெகேயின் இந்த வெற்றிடத்தை ராக் வேகத்தோடு கலந்துதான் அவர்கள் தங்கள் சத்தத்தைக் கண்டடைந்தார்கள்.

சரி, நடை மட்டுமல்ல, டிரம்மர் கேட்டுப் பழகிய இசையும் அவர் கையில் வந்துவிடும். ரோலிங் ஸ்டோன்ஸின் டிரம்மர், 2021-இல் மறைந்த சார்லி வாட்ஸ், ஜாஸ் பிரியராக இருந்தவர். ஸ்னேர் அடிக்கும் கணத்தில் ஹை-ஹேட்டிலிருந்து (ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரட்டைத் தட்டு) கையை எடுத்துவிடுவார். ஸ்னேர் தனியாக, தெளிவாக விழும். உங்கள் டிரம்மரை அதையும் முயலச் சொல்லுங்கள்.

நான்கு நடையையும் போனில் பதிவு செய்யுங்கள். கேட்கும்போது கிட்டாரை விட்டுவிட்டு, பேஸும் கிக்கும் எங்கே ஒன்றாக விழுகின்றன என்று மட்டும் கவனியுங்கள்.