ஆங்கிலத்தில் ‘மிகவும்’ என்பதைச் சரியாகச் சொல்லும் முறை

தமிழில் ‘மிகவும்’ என்ற சொல்லை ஏறக்குறைய எந்தச் சொல்லின் முன்னாலும் தயக்கமின்றி வைக்கலாம். மிகவும் நல்லவர், மிகவும் அற்புதம், மிகவும் பிடிக்கும், மிகவும் மேலானது என்று நான்கு விதமாகச் சொன்னாலும் காதுக்கு உறுத்துவதில்லை. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலம் எழுத அமர்பவர் நான்கு இடத்திலும் ‘வெரி’யை வைத்துவிடுகிறார். ஆனால் ‘வெரி குட்’ சரி. ‘வெரி எக்ஸலன்ட்’, ‘ஐ வெரி லைக்’, ‘வெரி பெட்டர்’ ஆகிய மூன்றும் தவறு. மிகுதியைக் காட்டும் வினையடையைத் தேர்ந்தெடுக்கும் முன், அது எந்தச் சொல்லைச் சார்ந்து வரப்போகிறது என்பதைப் பார்ப்பதே முதல் வேலை.

பண்பைக் குறிக்கும் சொற்களில் சில, கூடவும் குறையவும் இடம் உள்ளவை: ‘டயர்ட்’, ‘கோல்ட்’, ‘ஸ்மால்’ போன்றவை. இவற்றின் முன் ‘வெரி’, ‘எக்ஸ்ட்ரீம்லி’ இரண்டும் பொருந்தும். வேறு சில ஏற்கெனவே உச்சியில் நிற்பவை: ‘எக்ஸாஸ்டட்’, ‘ஃப்ரீசிங்’, ‘டைனி’, ‘பெர்ஃபெக்ட்’, ‘இம்பாசிபிள்’. உச்சியில் இருப்பதை மேலும் உயர்த்த முடியாது; உறுதிப்படுத்த மட்டுமே முடியும். ஆகவே இவற்றுக்கு ‘அப்சல்யூட்லி’, ‘கம்ப்ளீட்லி’ போன்றவை வரும். ஐயம் எழுந்தால் முன்னால் ‘எ லிட்டில்’ சேர்த்துப் பாருங்கள்: ‘எ லிட்டில் டயர்ட்’ இயல்பாக இருக்கிறது, ‘எ லிட்டில் இம்பாசிபிள்’ இயல்பாக இல்லை. ‘ரியலி’ பொருள் மாறாமல் இரு பக்கமும் செல்லும் என்பதால் பேச்சில் அது பாதுகாப்பானது. அலுவல் கடிதத்தில் சற்றே இறுக்கம் குறைந்து ஒலிக்கும். ‘க்வைட்’ இரண்டு பக்கத்திலும் வரும், ஆனால் பொருள் மாறும்: பிரிட்டிஷ் வழக்கில் ‘க்வைட் குட்’ என்றால் ஓரளவு நன்று, ‘க்வைட் இம்பாசிபிள்’ என்றால் முற்றிலும் இயலாது.

நம்மவர் அதிகம் இடறும் சொல் ‘டூ’. மகிழ்ச்சியை வலியுறுத்த எண்ணி ‘ஐ ஆம் டூ ஹேப்பி’ என்று எழுதுகிறார்கள். ‘டூ’ என்பது வேண்டிய அளவைக் கடந்துவிட்டது என்ற குறையைச் சொல்வது. தேநீர் ‘வெரி ஹாட்’ என்றால் ஊதிக் குடிக்கலாம். ‘டூ ஹாட்’ என்றால் இப்போது குடிக்க முடியாது. ஆசிரியை ‘வெரி ஸ்ட்ரிக்ட்’ என்பது பாராட்டாகவும் இருக்கலாம். ‘டூ ஸ்ட்ரிக்ட்’ என்பது புகார். உதவியவரிடம் ‘யூ ஆர் டூ கைண்ட்’ என்பது வழக்கில் உண்டு. எனக்குத் தகுதியானதை விடக் கூடுதலாகச் செய்துவிட்டீர்கள் என்பதே அதன் உட்கருத்து, ஆகவே அங்கும் ‘டூ’ தன் பொருளை விடவில்லை.

வினைச்சொல்லைச் சார்ந்து வரும்போது ‘வெரி’ தனியே நிற்காது. ‘ஐ லைக் திஸ் புக் வெரி மச்’ என்று பொதுவாகச் செயப்படுபொருளுக்குப் பின் ‘வெரி மச்’ வரும். வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் அதை நுழைக்கக் கூடாது. ‘கம்ப்ளீட்லி’, ‘டோட்டலி’ போன்றவை பெரும்பாலும் வினைக்கு முன்னே அமரும்: ‘ஐ கம்ப்ளீட்லி அக்ரீ’. துணைவினை இருந்தால் அதற்கு அடுத்து: ‘ஐ ஹேவ் கம்ப்ளீட்லி ஃபர்காட்டன்’. ஒப்பிடும் வடிவத்துக்கு ‘மச் பெட்டர்’, ‘ஃபார் பெட்டர்’. உச்ச வடிவத்துக்கு ‘பை ஃபார் தி பெஸ்ட்’. ‘ஹார்ட்’, ‘ஹார்ட்லி’ இரண்டையும் குழப்பிக்கொள்வது ஆபத்தானது: ‘ஹீ வொர்க்ஸ் ஹார்ட்’ என்றால் கடுமையாக உழைக்கிறார்; ‘ஹீ ஹார்ட்லி வொர்க்ஸ்’ என்றால் வேலையே செய்வதில்லை என்னும் அளவுக்குப் போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, எந்த வினையடை எந்தச் சொல்லோடு இணையும் என்பது. கன்னங்கரேல் கருமைக்கு மட்டும், செக்கச்செவேல் சிவப்புக்கு மட்டும் உரியது. படுமோசம் என்போம், படுநேர்மை என்பதில்லை. ஆங்கிலத்திலும் அப்படியே. ‘டீப்லி’ உணர்ச்சியோடு சேரும்: ‘டீப்லி கிரேட்ஃபுல்’, ‘டீப்லி ஹர்ட்’. ‘ஹைலி’ தகுதி, மதிப்பு, வாய்ப்பு ஆகியவற்றோடு சேரும்: ‘ஹைலி ஸ்கில்ட்’, ‘ஹைலி ரெஸ்பெக்டட்’, ‘ஹைலி அன்லைக்லி’, உயரமானவரை ‘ஹைலி டால்’ என்று ஒருவரும் சொல்வதில்லை. ‘பிட்டர்லி’ ஏமாற்றத்துக்கும் கடுங்குளிருக்கும் வரும். ‘பேட்லி’ சேதத்துக்கும் காயத்துக்கும் வரும். ஆச்சரியமாகத் தேவைக்கும் வரும்: ‘வி பேட்லி நீட் ரெய்ன்’ என்பதில் குறை எதுவும் இல்லை, மழை அவசரமாக வேண்டும் என்பதே பொருள். ‘அட்டர்லி’ பெரும்பாலும் பாதகமானவற்றை நாடும்: ‘அட்டர்லி யூஸ்லெஸ்’. ஆழ்ந்த உறக்கத்துக்கு ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’, நன்கு விழித்திருப்பதற்கு ‘வைட் அவேக்’. அச்சத்தைக் குறிக்கும் சொற்களிலிருந்து பிறந்த ‘டெரிப்லி’யும் ‘ஆஃபுலி’யும் இன்று ‘டெரிப்லி சாரி’, ‘ஆஃபுலி கைண்ட்’ என்று பணிவான பேச்சில் வருகின்றன. இவற்றை விதியாக மனப்பாடம் செய்வதை விட, ‘டீப்லி கிரேட்ஃபுல்’ என்று இரு சொல்லையும் ஒரே அலகாக நோட்டில் எழுதிப் பழகுவதே பலன் தரும்.

வேலையில் சேர ஒப்புக்கொண்டு ஒருவர் இப்படி எழுதுவதாகக் கொள்வோம்: ‘ஐ ஆம் வெரி தேங்க்ஃபுல் ஃபார் யுவர் வெரி வேல்யுபிள் ஹெல்ப் அண்ட் ஐ ஆம் வெரி ஹேப்பி டு ஜாயின்.’ இலக்கணப் பிழை இல்லை; ஆனால் மூன்று ‘வெரி’யும் ஒன்றையொன்று வலுவிழக்கச் செய்கின்றன. முதலாவதை ‘டீப்லி கிரேட்ஃபுல்’ ஆக்கலாம். உதவிக்கு நன்றி என்றாலே அது மதிப்புள்ளது என்பது அடங்கிவிடுவதால் இரண்டாவதை நீக்கிவிடலாம். மூன்றாவதற்கு ‘டிலைட்டட்’ என்ற ஒரே சொல் போதும்: ‘ஐ ஆம் டீப்லி கிரேட்ஃபுல் ஃபார் யுவர் ஹெல்ப் அண்ட் டிலைட்டட் டு ஜாயின்.’