நேற்றுவரை சரி, இன்று தவறு: ஒளிப்பதிவாளர்கள் தவிர்க்க வேண்டியவை

ஒளிப்பதிவில் புதியவர் செய்யும் தவறு முதல் நாளே கண்ணில் பட்டுவிடும், யாராவது திருத்திவிடுவார்கள். அனுபவசாலியைத் திருத்த ஆள் கிடையாது. அவருடைய தவறுகளில் பெரும்பாலானவை, ஒரு காலத்தில் சரியாக இருந்த பழக்கங்கள்.

எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவை, எடுத்துக்கொள்ளுங்கள். பிலிமில் வளர்ந்தவர்கள் நிழலுக்கு அஞ்சியே பழகியவர்கள். வெளிச்சம் குறைந்தால் நெகட்டிவ் மெலிந்து, கறுப்பெல்லாம் சாம்பலாகி, கிரெயின் என்னும் மணல் போன்ற புள்ளிகள் எழும்பிவிடும். அதனால் அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் ஏற்றினால் ஒளி இரட்டிப்பாகும்) கூடுதலாகத் திறந்து எடுப்பார்கள். மிகுந்த ஒளியை நெகட்டிவ் தாங்கிக்கொண்டது. டிஜிட்டல் சென்சார் இதற்கு நேர்மாறு. நிழலை ஓரளவு மீட்கலாம். வெள்ளை எரிந்துவிட்டால் மீட்க அங்கே எதுவும் பதிவாகியிருக்காது. ஜன்னலுக்கு வெளியே வானம், வெயிலில் வெள்ளை வேட்டி, நெற்றி வியர்வையின் பளபளப்பு ஆகியவற்றை முதலில் அளந்துவிட்டு முகத்துக்கு வாருங்கள். மானிட்டரை மட்டும் நம்பாதீர்கள். வெயிலில் அது இருட்டாகத் தெரியும். கை தானாக லென்ஸைத் திறந்துவிடும். படத்தின் ஒளி அளவை வரைபடமாகக் காட்டும் வேவ்ஃபார்ம் பொய் சொல்லாது.

‘டிஐயில் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது அடுத்த தவறு. டிஐ என்பது படப்பிடிப்புக்குப் பின் கணினியில் நிறத்தையும் ஒளியையும் சரிசெய்யும் கட்டம். நிறத்தை மாற்றலாம், முகத்தின் வெளிச்சத்தைச் சற்றுத் தூக்கலாம். பக்கவாட்டில் விழ வேண்டிய ஒளியை நேர்முகமாக அடித்து எடுத்துவிட்டால், அங்கே உட்கார்ந்து நிறம் திருத்தும் கலரிஸ்ட் பாவம், என்ன செய்வார்?

ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, 1956-ல் வெளியான சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’வுக்காகக் காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவில் அமைத்து எடுக்க வேண்டியிருந்தது. செட்டின் மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதன்மேல் அடித்து, தெறித்து விழும் ஒளியில் எடுத்தார். திறந்த முற்றத்தில் வானிலிருந்து இறங்கும் வெளிச்சம் அப்படித்தான் இருக்கும். இன்று பவுன்ஸ் என்னும் இந்த முறை எல்லோருக்கும் கைவந்த பழக்கம். ஓட்டின் கண்ணாடி வழியே உச்சிவெயில் குத்தும் வீட்டிலும் அதே மென்மையைப் பரப்புகிறார்கள். இந்த வீட்டுக்குள் ஒளி எந்த வழியாக வரும் என்று மித்ரா கேட்ட கேள்வி எங்கோ தொலைந்துவிட்டது.

எல்லா லென்ஸையும் முழுக்கத் திறந்து பின்னணியைக் கரைப்பதும் அந்த வகைதான். மதுரைக்குப் போய், மதுரை தெரியாமல் எடுப்பதற்கு ஸ்டூடியோவே போதும்.

பிலிமா, டிஜிட்டலா என்ற சண்டையில் நேரத்தைத் தொலைக்காதீர்கள். பிரிட்டிஷ் ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் 2011-ல் வெளிவந்த ‘இன் டைம்’ படத்தில் டிஜிட்டலுக்கு மாறினார். 2016-ல் வந்த ‘ஹெயில், சீசர்!’ படத்துக்கு மறுபடி பிலிமை எடுத்தார். பிறகு திரும்பவும் டிஜிட்டல்.

புதிய கேமரா கைக்கு வந்தால், படத்தின் நடிகரையே நிற்கவைத்து, அருகில் ஒரு வெள்ளைத் துணியும் எரியும் விளக்கும் வைத்து, ஸ்டாப் ஸ்டாப்பாக ஏற்றியும் இறக்கியும் எடுத்துப் பாருங்கள். வெள்ளை எங்கே உடைகிறது, நிழலில் நாய்ஸ் என்னும் புள்ளிகள் எங்கே தொடங்குகின்றன என்பதைப் பெரிய திரையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு அரை நாள் கேட்டால் தயாரிப்பாளர் முகம் சுளிப்பார். பரவாயில்லை, கேளுங்கள்.