திருப்புத்திறன் டென்சரை வாசிப்பது எப்படி: நிலநடுக்கத்தின் மூலத்தை அறியும் வழி

செய்திகளில் வரும் ஒற்றை அளவெண், ஒரு நிலநடுக்கம் எவ்வளவு பெரியது என்பதை மட்டுமே சொல்கிறது. பாறை எந்தத் தளத்தில் உடைந்தது, எந்தத் திசையில் நழுவியது, நிகழ்ந்தது பிளவு நழுவல்தானா அல்லது வெடிப்போ நிலத்தடிச் சரிவோ என்பவற்றை அறியத் திருப்புத்திறன் டென்சர், அதாவது மூலத்தில் செயல்பட்ட விசைகளின் அளவையும் திசையையும் காட்டும் எண்தொகுப்பு, வேண்டும். 1976 முதலான நிலநடுக்கங்களுக்கு உலகளாவிய சிஎம்டி (மையத் திருப்புத்திறன் டென்சர்) பட்டியல் இதை இலவசமாகத் தருகிறது. அந்தப் பட்டியலின் எண்களை முறையாக வாசிக்கும் வழியை இங்கே காண்போம்.

டென்சர் என்பது மூன்று வரிசையும் மூன்று நிரலும் கொண்ட ஓர் அணி. அதன் ஒவ்வோர் உறுப்பும் ஒரு விசையிணையை, அதாவது எதிரெதிராகச் செயல்படும் இரு சம விசைகளை, குறிக்கும்: விசைகள் எந்தத் திசையில் செயல்படுகின்றன என்பதை ஒரு சுட்டும், அவை எந்தத் திசையில் விலகி நிற்கின்றன என்பதை மற்றொரு சுட்டும் காட்டும். பூமிக்குள் எழும் விசைகள் தாமாகவே நிகரச் சுழற்சியை உண்டாக்க முடியாது என்பதால் அணி சமச்சீராக இருக்கும். ஆகவே ஒன்பது உறுப்புகளில் ஆறு மட்டுமே தனித்தவை. மூலத்தின் பரப்பைவிட மிக நீண்ட அலைநீளங்களில் பார்த்தால் மூலம் ஒரு புள்ளியாகத் தெரியும். அப்போது நிலையங்களில் பதிவாகும் அசைவு இந்த ஆறு எண்களோடு நேரியல் தொடர்பில் அமையும். எனவே ஒவ்வோர் உறுப்புக்குமான அலைவடிவத்தைப் பூமி மாதிரியைக் கொண்டு கணக்கிட்டு, அவற்றை எந்த விகிதத்தில் கலந்தால் பதிவோடு பொருந்துமென்று மீச்சிறு வர்க்க முறையில் (வேறுபாடுகளின் வர்க்கக் கூட்டுத்தொகையை மிகச் சிறிதாக்கி) காண்கிறார்கள். ஆழமும் மூலமையத்தின் இடமும் நேரமும் நேரியலாக வராததால், அவற்றைத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியிருக்கிறது.

முதலில் திசைகளையும் அலகையும் உறுதிசெய்யுங்கள். சிஎம்டி பட்டியலில் ஆர் என்பது மேல்நோக்கிய திசை, டி தெற்கு, பி கிழக்கு. அந்தப் பட்டியல் டைன் சென்டிமீட்டரைப் பயன்படுத்துகிறது. வேறு பல இடங்களில் நியூட்டன் மீட்டர் வரும். இரண்டுக்கும் இடையே 10⁷ மடங்கு வேறுபாடு இருப்பதால், அலகைக் குழப்பினால் அளவெண் ஏறக்குறைய 4.7 பிறழ்ந்துவிடும்.

கணக்கை விளக்க ஓர் எடுத்துக்காட்டு அணியை எடுத்துக்கொள்வோம்: ஆர்-ஆர் 4, டி-டி −1, பி-பி −3, மற்ற உறுப்புகள் சுழியம், எல்லாம் 10¹⁹ நியூட்டன் மீட்டரில். ஒன்பது உறுப்புகளின் வர்க்கங்களைக் கூட்டி, இரண்டால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் மொத்தத் திருப்புத்திறன் சுமார் 3.6 × 10¹⁹ என்று கிடைக்கும். இது பாறையின் விறைப்புக் குணகம், நழுவிய பரப்பு, சராசரி நழுவல் தூரம் ஆகிய மூன்றின் பெருக்கலுக்குச் சமமானது. 1964 நிகாட்டா நிலநடுக்கத்துக்கு இதை முதலில் கணக்கிட்டவர் கெய்ட்டி அக்கி. இதன் பத்தடிமான மடக்கையிலிருந்து 9.1-ஐக் கழித்து, மூன்றில் இரண்டால் பெருக்கினால் அளவெண் 7.0 வருகிறது.

அடுத்து ஐகன் மதிப்புகளையும் (மூலைவிட்ட உறுப்புகள் மட்டும் எஞ்சுமாறு அச்சுகளைத் திருப்பினால் கிடைக்கும் மூன்று எண்கள்) அவற்றின் திசைகளையும் காண வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அணி ஏற்கெனவே மூலைவிட்ட வடிவில் இருப்பதால் அவை 4, −1, −3. மிகப் பெரிய நேர் மதிப்பின் திசை இழுவை அச்சு, மிகப் பெரிய எதிர் மதிப்பின் திசை அமுக்க அச்சு, எஞ்சியது நடுநிலை அச்சு. இங்கே இழுவை அச்சு செங்குத்தாகவும் அமுக்க அச்சு கிழக்கு-மேற்காகவும் இருக்கின்றன. அதாவது கிழக்கு-மேற்கு அமுக்கத்தில் நிகழ்ந்த, பிளவின் மேற்பக்கப் பாறை மேலேறும் எதிர்ப்பிளவு இது. மூலத்தை இருநிற வட்டமாக வரைந்து காட்டும் பீச்பால் படத்தில் கருத்த பகுதிதான் இழுவை அச்சு இருக்கும் இடம் என்பதால், எதிர்ப்பிளவில் நடுவில் கறுப்பும், நிலம் விரியும் இயல்புப் பிளவில் நடுவில் வெள்ளையும் தெரியும்.

அமுக்க, இழுவை அச்சுகளுக்கு 45 பாகையில் இரண்டு தளங்கள் கிடைக்கும். இங்கே இரண்டும் வடக்கு-தெற்காக ஓடி, ஒன்று கிழக்கிலும் மற்றொன்று மேற்கிலும் 45 பாகை சரியும். எது உண்மையான பிளவு என்பதைப் புள்ளி மூலத்தின் டென்சரால் ஒருபோதும் சொல்ல முடியாது. பின்னதிர்வுகள் அமைந்த தளம், தரையில் தெரியும் முறிவு, செயற்கைக்கோள் அளந்த நில அசைவு ஆகியவற்றில் ஒன்றைக் கொண்டே அதைத் தீர்மானிக்க வேண்டும். பட்டியலில் முதலில் அச்சான தளத்தையே பிளவு என்று எடுத்துக்கொள்வது, இத்துறைக்குப் புதியவர்கள் கட்டாயம் தவிர்க்க வேண்டிய பழக்கம்.

மூலைவிட்டக் கூட்டுத்தொகை கனஅளவு மாற்றத்தைக் காட்டும்: வெடிப்பில் அது நேர், சரிவில் எதிர். 2017 செப்டம்பர் 3 அன்று வடகொரியா நடத்திய அணுச் சோதனைக்குச் சுமார் எட்டரை நிமிடம் கழித்து ஒரு சரிவும் பதிவானது. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவதில் இந்தக் கூட்டுத்தொகையே துணைசெய்கிறது. ஆனால் சிஎம்டி முறை வழக்கமாக இக்கூட்டுத்தொகையைச் சுழியம் என்று முன்கூட்டியே நிர்ணயித்துவிடுகிறது. ஆகவே அங்கே காணும் சுழியம், கனஅளவு மாறவில்லை என்பதற்குச் சான்றாகாது.

இன்னொரு விலகலையும் பாருங்கள். தூய பிளவு நழுவலில் நடு ஐகன் மதிப்பு சுழியம், நம்முடையதோ −1. குறியை விட்டு அதை மிகப் பெரிய மதிப்பால் வகுத்தால் 0.25. சிஎல்விடி என்பது ஓர் அச்சில் நீண்டு மற்ற இரண்டில் பாதியளவு சுருங்கும் (அல்லது இதற்கு நேர்மாறான) இயக்கம்; அது மட்டுமே இருந்தால் இவ்விகிதம் 0.5 ஆகும் என்பதால், இங்கே அப்பகுதி பாதியளவு கலந்திருக்கிறது. எரிமலைப் பகுதிகளில் இது உண்மையான இயக்கமாக இருக்கலாம். வளைந்த பிளவோ, அடுத்தடுத்து உடைந்த இரு பிளவுகளோ இதே தோற்றத்தைத் தரலாம். பொருந்தாத பூமி மாதிரியும் தரலாம். பிழை வரம்புகளைப் பார்க்காமல் இதற்கு விளக்கம் தேடுவது வீண் என்பது என் உறுதியான கருத்து.

ஆழம் குறைந்த நிலநடுக்கங்களில் கூடுதல் கவனம் தேவை. தரைமட்டத்தில் சறுக்குத் தகைவு (பரப்புக்கு இணையாகச் செயல்படும் தகைவு) சுழியமாகிவிடுவதால், ஆர்-டி, ஆர்-பி என்னும் இரு உறுப்புகளும் நீண்ட அலைகளை மிகக் குறைவாகவே எழுப்பும். அவை சரியாக நிர்ணயமாகாதபோது, சாய்வுக் கோணமும் மொத்தத் திருப்புத்திறனும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும்: சாய்வைக் குறைத்து மதிப்பிட்டால் அளவெண் கூடிவிடும்.

மிகப் பெரிய நிலநடுக்கங்களில் புள்ளி மூலம் என்ற எடுகோளே தளர்ந்துவிடுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே பிளவு 1,200 கிலோமீட்டருக்கும் மேல் முறிந்தபோது, வழக்கமான ஒற்றை மூலக் கணக்கு 9.0 என்றது, முறிவின் நெடுகே ஐந்து மூலங்களை வைத்துச் செய்த பிந்தைய கணக்கு 9.3 என்றது.