கிரெடிட் கார்டின் ‘50 நாள்’: வட்டியில்லாக் காலத்தைக் கணக்குப் பார்ப்பது எப்படி

கார்டு விற்க வருபவர் ‘50 நாள் வரை வட்டி கிடையாது’ என்பார். அதில் ‘வரை’ என்ற சொல்லைத்தான் காதில் வாங்க வேண்டும். வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் 50 நாள் கிடைக்காது. எந்தத் தேதியில் கார்டைத் தேய்த்தீர்கள் என்பதை வைத்து நாள் கூடும், குறையும்.

முதலில் கடைசியாக வந்த ஸ்டேட்மென்டைத் திறந்து இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று பில் போட்ட தேதி. மற்றொன்று பணம் கட்டக் கடைசித் தேதி. இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் 18 முதல் 20 நாள் இருக்கும்.

உங்கள் பில் தேதி 15, கட்டக் கடைசித் தேதி அடுத்த மாதம் 4 என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 16 அன்று வாங்கியது ஜூலை 15 பில்லில் வரும், ஆகஸ்ட் 4-க்குள் கட்டலாம்: 49 நாள். ஜூலை 14 அன்று வாங்கியதும் அதே பில்லில்தான் விழும்: 21 நாள்தான் மிச்சம். அதையே இரண்டு நாள் பொறுத்து ஜூலை 16 அன்று வாங்கினால் ஆகஸ்ட் 15 பில்லுக்குப் போகும், செப்டம்பர் 4 வரை 50 நாள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்ற பெரிய செலவை பில் தேதிக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ வைத்துக்கொள்வதன் கணக்கு இவ்வளவுதான்.

சம்பளம் 1-ஆம் தேதி வருகிறவருக்குக் கட்டக் கடைசி நாள் 25 என்று அமைந்தால் மாதாமாதம் மூச்சு வாங்கும். பில் சுழற்சியைக் குறைந்தது ஒருமுறையாவது மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை வங்கி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. செயலியிலோ வாடிக்கையாளர் சேவையிலோ கேட்டு, கடைசித் தேதி சம்பளத்துக்கு நாலைந்து நாள் பின்னால் விழும்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி, பலர் சறுக்கும் இடம். பில்லில் ‘மொத்த நிலுவை’, ‘மினிமம் டியூ’ (குறைந்தபட்சம் கட்ட வேண்டியது) என்று இரண்டு தொகை இருக்கும். மினிமம் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவே. வட்டியில்லாக் காலம் நிலைக்க மொத்த நிலுவையையும் கடைசித் தேதிக்குள் கட்டியாக வேண்டும். ஆட்டோபே போடும்போதும் இதே இரண்டு தேர்வுகள் வரும். அவசரத்தில் மினிமம் என்பதைத் தொட்டுவிட்டு, ‘அதுதான் தானாகக் கட்டிவிடுகிறதே’ என்று இருந்தால் மாதக்கணக்கில் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். இப்போதே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

தவறினால் எவ்வளவு ஆகும்? மேலே சொன்ன அதே கார்டு, வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42. ஜூன் 20-ல் ரூ.20,000, ஜூலை 5-ல் ரூ.10,000 செலவு. ஆகஸ்ட் 4-க்குக் கட்ட வேண்டிய ரூ.30,000-ஐ மறந்துபோய் 8-ஆம் தேதி முழுசாகக் கட்டுகிறீர்கள். நாலு நாள் வட்டி என்றால் சுமார் ரூ.138 என்று மனம் கணக்குப் போடும். வங்கி கடைசித் தேதியிலிருந்து எண்ணுவதில்லை, வாங்கிய நாளிலிருந்து எண்ணுகிறது. ரூ.20,000-க்கு 49 நாள், ரூ.1,128. ரூ.10,000-க்கு 34 நாள், ரூ.391. இரண்டும் சேர்ந்து ரூ.1,519. வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. ஆக ஏறக்குறைய ரூ.1,792. தாமதக் கட்டணம் தனி.

இதோடு போகாது. பழைய பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. மளிகைக்குத் தேய்த்த 500 ரூபாய்க்கும் அன்றிலிருந்தே வட்டி. பாதி கட்டி மீதி வைத்தால் கணக்கு எப்படி என்பதை வங்கியின் முக்கிய விதிமுறைத் தாளில் எடுத்துக்காட்டோடு போட்டிருப்பார்கள். அந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது படியுங்கள்.

‘மூன்று நாள் சலுகை இருக்கிறதே’ என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். கடைசித் தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடலாம், கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபில் போன்ற நிறுவனங்களுக்குத் தெரிவிக்கலாம் என்பதே அந்த விதி. வட்டிக்கும் சேர்த்து என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். வேறு வங்கிக் கணக்கிலிருந்து கட்டுவதானால் பணம் போய்ச் சேர நேரம் பிடிக்கலாம். இரண்டு மூன்று நாள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.

ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைச் செருகிப் பணம் எடுத்தால் ஒரு நாள்கூடச் சலுகை கிடையாது. எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, அதற்கு மேல் எடுப்புக் கட்டணம். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்துக் கடையில் ஸ்கேன் செய்வது அப்படியல்ல. அது சாதாரணக் கொள்முதல்தான், நாள் கணக்கும் அதேதான்.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’ வேறு சமாசாரம். அதில் வட்டி உண்டு. அதே அளவு தொகையை விலையில் தள்ளுபடியாகக் கழிக்கிறார்கள். ஆனால் வட்டிப் பகுதிக்கான ஜிஎஸ்டியை நீங்கள்தான் கட்ட வேண்டும், செயலாக்கக் கட்டணமும் சேரலாம். மாதத் தவணை மொத்த நிலுவைக்குள் வந்துவிடும். அதைக் கழித்துவிட்டுக் கட்டினால் பாக்கி வைத்ததாகிவிடும்.

பொருளைத் திருப்பிக் கொடுத்திருந்தால், கடைசித் தேதிக்கு முன் வந்த ரீஃபண்டை வங்கி உடனே நிலுவையில் கழிக்க வேண்டும். கடைக்காரர் ‘அனுப்பிவிட்டோம்’ என்று சொன்னதை மட்டும் வைத்துக் குறைத்துக் கட்டாதீர்கள். செயலியில் நிலுவை குறைந்திருந்தால் மட்டுமே குறைத்துக் கட்டலாம்.

வட்டியில்லாக் காலம் ஒருமுறை கைவிட்டுப் போய்விட்டதா? மீட்கலாம். மொத்தப் பாக்கியையும் கட்டுங்கள், பில் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு நாளும் வட்டிதான். அதன் பிறகு ஒரு சுழற்சிக்கு அந்தக் கார்டைத் தொடாதீர்கள். அடுத்த பில்லில் சிறிதாக ஒரு வட்டி வரும்: போன பில் தேதிக்கும் நீங்கள் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட நாள்களுக்கானது அது. தவறுதலாகப் போட்டுவிட்டார்கள் என்று விட்டுவிட்டால் அதுவே புதுப் பாக்கியாகிவிடும். அதையும் கட்டி, நிலுவை பூஜ்யம் என்று காட்டிய பிறகு தேய்க்கத் தொடங்குங்கள்.