இருபது டாலர் பட்டிமன்றம்: பேசப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் இந்த முறை பட்டிமன்றத் தலைப்பு இதுதான்: ‘ஃபாஸ்ட் ஃபுட் கடைகளில் வேலை பார்க்கும் பெரியவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை உயர்த்துவதால் நன்மை அதிகமா, தீமை அதிகமா?’ கலிபோர்னியாவில் ஒரு பர்கர் கடையில் ஷிப்ட் மேனேஜராக இருந்தவன் என்பதால் இரண்டு அணியினரும் என்னிடம் வருகிறார்கள். கிரில்லில் நின்றிருக்கிறேன், டிரைவ் த்ரூ ஜன்னலில் காசு வாங்கியிருக்கிறேன், கடை மூடியபின் எண்ணெய் வடிகட்டியிருக்கிறேன். யாருக்கு எந்த ஷிப்ட் என்று வாராவாரம் அட்டவணை போட்டதும் நான்தான். தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில், எந்தக் கூலியைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். அமெரிக்கா முழுவதுக்குமான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலையில் வந்தது, இன்னும் அசையவில்லை. வாரம் 40 மணி நேரம், வருடம் 52 வாரமும் லீவே போடாமல் உழைத்தால் 15,080 டாலர். டெக்சஸில் இதுதான். அலபாமா, மிசிசிப்பி, லூசியானா, டென்னசி, தெற்கு கரோலினா ஆகிய மாநிலங்களில் சொந்தமாகக் கூலிச் சட்டமே கிடையாது, அதனால் அங்கேயும் இதே 7.25தான்.

கலிபோர்னியா கதை வேறு. அங்கே 2024 ஏப்ரல் 1 முதல் 20 டாலர். ஆனால் எல்லாக் கடைக்கும் இல்லை. நாடு முழுக்க 60 கிளைகளாவது உள்ள சங்கிலிக் கடைகளுக்கு மட்டும். பக்கத்திலேயே ஒரு குடும்பம் நடத்துகிற டாக்கோ கடைக்கு அந்த வருடம் மாநிலத்தின் பொதுக் கூலியான 16 டாலர்தான். ரொட்டியைத் தானே சுட்டுத் தனியாக விற்கிற கடைகளுக்கும் விலக்கு உண்டு. ‘கலிபோர்னியாவில் எல்லாருக்கும் இருபது’ என்று மேடையில் சொன்னால் எதிரணி அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும்.

அந்தச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. 2012 நவம்பரில் நியூயார்க் ஃபாஸ்ட் ஃபுட் ஊழியர்கள் 15 டாலர் கேட்டு வேலைநிறுத்தம் செய்ததில் ஆரம்பம். கலிபோர்னியாவில் 2022-ல் ஒரு சட்டம் நிறைவேற, அதை மக்கள் வாக்கெடுப்பில் தோற்கடிக்க நிறுவனங்கள் கையெழுத்து திரட்டின. அப்புறம் பேரம் நடந்தது. வாக்கெடுப்பை அவர்கள் கைவிட்டார்கள். கிளைகளின் தவறுக்குத் தலைமை நிறுவனமும் பொறுப்பு என்ற கோரிக்கையைத் தொழிலாளர் தரப்பு கைவிட்டது. 20 டாலர் வந்தது. இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்த கதை என்பதால் எந்த அணிக்கும் உதவும்.

அடுத்து ‘பெரியவர்கள்’ என்ற சொல், அதாவது பள்ளி வயதைத் தாண்டியவர்கள். எதிர்த்துப் பேசுகிறவர்கள் கட்டாயம் சொல்வார்கள்: “இது ஸ்கூல் பிள்ளைகள் கைச்செலவுக்குப் பார்க்கிற வேலை, இதை வைத்துக் குடும்பம் நடத்தக் கேட்டால் எப்படி?” இதற்குப் பதில் ஒரே கேள்விதான்: செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு உங்கள் பர்கரைப் போட்டுக் கொடுப்பது யார்? 14, 15 வயதுப் பிள்ளைகள் பள்ளி நேரத்தில் வேலை செய்யக் கூடாது, பள்ளி நடக்கிற வாரத்தில் 18 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று மத்திய சட்டமே சொல்கிறது. பதினாறு, பதினேழு வயதுக்காரர்களும் அந்த நேரம் வகுப்பில்தான் இருப்பார்கள். என் அட்டவணையில் காலை ஷிப்டும் மதியக் கூட்டமும் முழுக்கப் பெரியவர்கள். மாலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு ‘எல்லாம் சின்னப் பசங்க’ என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய.

எதிர்ப்பு அணிக்கு இதில் ஒரு நல்ல வழி இருக்கிறது. வயதுக்கு ஒரு கூலி வைக்கலாம் என்று சொல்லலாம். பிரிட்டனில் 21 வயதுக்குக் கீழே கூலி குறைவு. அமெரிக்காவிலும் 20 வயது நிரம்பாதவர்களுக்கு முதல் 90 நாள் 4.25 டாலர் கொடுக்க மத்திய சட்டம் இடம் தருகிறது. ஆதரவு அணி இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்: கூலி குறைவான ஆள் கிடைத்தால் முதலாளி பெரியவரை விட்டுவிட்டு அவரைத்தானே எடுப்பார்?

இனிச் சொல்வதுதான் முக்கியம். இதைத்தான் இரண்டு அணியும் விட்டுவிடுகிறார்கள். மணிக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள்.

எங்கள் கடையின் பின்னறையில் ஒரு கம்ப்யூட்டர் திரை உண்டு. அந்த ஒரு மணி நேர விற்பனையில் சம்பளம் எத்தனை சதவீதம் என்று அது காட்டிக்கொண்டே இருக்கும். மதியக் கூட்டம் வடிந்து இரண்டரை மணி ஆனால் எண் ஏறும். ஏறினால் யாரையாவது வீட்டுக்கு அனுப்ப வேண்டும். சட்டமாகப் பார்த்தால் யாருக்கும் கூலி குறையவில்லை, வேலையும் போகவில்லை. உருளைக்கிழங்கு பொரிக்கிற பையன் கையுறையைக் கழற்றிவிட்டு ஒன்றரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புவான், அவ்வளவுதான். காலை ஷிப்டில் பிஸ்கட் (அமெரிக்காவில் இது மெத்தென்ற சின்ன ரொட்டி) சுடுகிற ஒரு பெண்மணி இருந்தார். சாயங்காலம் வேறொரு கடையில் வேலை. அந்தக் கடைத் தொப்பியும் அவர் பையிலேயே இருக்கும். வியாழக்கிழமை நான் அட்டவணையை ஒட்டியதும் முதல் ஆளாக வந்து போனில் படம் பிடிப்பார். சம்பள உயர்வு பற்றி அவர் என்னிடம் கேட்டதே இல்லை. “அடுத்த வாரம் எத்தனை மணி?” என்பதுதான் கேள்வி.

இப்போது கணக்கு. 16 டாலரில் வாரம் 30 மணி நேரம் என்றால் 480 டாலர். 20 டாலரில் 24 மணி நேரம் என்றாலும் அதே 480. எதிர்ப்பு அணி சொல்லும்: “பார்த்தீர்களா, உயர்வு கைக்கு வரவே இல்லை.” ஆதரவு அணி சொல்லும்: “ஆறு மணி நேரம் குறைவாக உழைத்து அதே காசு, தாயும் பிள்ளையும் சேர்ந்து சாப்பிட நேரம்.” இரண்டுமே சரி. ஆனால் 30 என்ற எண்ணில் ஒரு பிடி இருக்கிறது. 50 முழுநேர ஊழியர்களுக்குச் சமமான ஆள்பலம் உள்ள முதலாளி, சராசரியாக வாரம் 30 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்கிறவர்களுக்கு மருத்துவக் காப்பீடு தர முன்வர வேண்டும். இல்லையென்றால் அபராதம் கட்ட நேரிடும். 24-க்கு இறக்கிவிட்டால் அந்தக் கடமை போய்விடுகிறது. இதை மேடையில் நிதானமாக, எண்களை மெதுவாகச் சொல்லுங்கள். வேகமாகச் சொன்னால் யாருக்கும் ஏறாது.

ஆய்வுகளை எப்படிக் கையாள்வது? பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் செய்ததைத் தெரிந்துகொள்ளாமல் மேடை ஏறாதீர்கள். 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி கூலியை 4.25-லிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து பென்சில்வேனியா உயர்த்தவில்லை. இரண்டு பக்கமும் ஃபாஸ்ட் ஃபுட் கடைகளைப் போனில் விசாரித்து, நியூ ஜெர்சியில் வேலை குறையவில்லை என்று 1994-ல் எழுதினார்கள். சம்பளப் பதிவேடுகளை வைத்து நியூமார்க், வாஷர் என்ற வேறு இரண்டு அறிஞர்கள் பின்னால் மறுத்தார்கள். 2021-ல் கார்டுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதற்காக ‘நோபலே சொல்லிவிட்டது’ என்று முழங்க வேண்டாம், விவாதம் அத்தோடு முடியவில்லை.

கலிபோர்னியாவிலும் இதே இழுபறிதான். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 2024 ஆய்வு, விலை 3.7 சதவீதம், அதாவது 4 டாலர் பர்கருக்குச் சுமார் 15 சென்ட் ஏறியது, வேலை குறையவில்லை என்றது. பொருளாதார அறிஞர் ஜெஃப்ரி கிளெமன்ஸும் கூட்டாளிகளும், மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் 2.7 சதவீதம், சுமார் 18,000 வேலைகள் குறைந்தன என்றார்கள். எந்த ஆய்வை யார் நீட்டினாலும் நீங்கள் கேட்க வேண்டியது: தலையை எண்ணினீர்களா, மணி நேரத்தை எண்ணினீர்களா? கலிபோர்னியாவில் ஆதாரமாக எடுக்கிற அரசின் வேலைவாய்ப்புக் கணக்கு தலையைத்தான் எண்ணுகிறது. என் பொரியல் பையன் 30-லிருந்து 24-க்கு இறங்கினாலும் அதில் அவன் ஒரு ஆள்தான். மணி நேரத்தையும் பதிவு செய்கிற சில மாநிலங்களில் வாஷிங்டன் ஒன்று. அதனால்தான் அங்குள்ள சியாட்டில் நகரத்தில் கூலி 13 டாலர் ஆனபோது குறைந்த கூலி வேலைகளில் மணி நேரம் குறைந்ததை 2017-ல் ஒரு பல்கலைக்கழகக் குழுவால் பார்க்க முடிந்தது. எதிர்ப்பு அணி இதைக் கொண்டுவரும். ஆதரவு அணி உடனே எழுந்து, அந்தக் கணக்கில் பல கிளைகள் உள்ள நிறுவனங்கள் சேர்க்கப்படவே இல்லை என்று சொல்ல வேண்டும். நாம் பேசுவதே கிளைகள் உள்ள கடைகளைப் பற்றித்தானே!

ஆர்டர் எடுக்கிற தொடுதிரை பற்றிய வாதம் வந்தால் பயப்படாதீர்கள். கூலி ஏறியதால்தான் மெஷின் வந்தது என்பார்கள். 7.25 டாலர் மாநிலங்களிலும் அதே திரை நிற்கிறது.

முதலாளியை வில்லனாக்கவும் வேண்டாம். நான் பார்த்த கடை முதலாளி ஃபிரான்சைஸ் எடுத்தவர், அதாவது பெரிய நிறுவனத்தின் பெயரைப் பணம் கட்டி வாங்கிக் கடை நடத்துகிறவர். தலைமை நிறுவனத்துக்கு அவர் கட்டும் ராயல்டி லாபத்தின் மேல் இல்லை, விற்பனையின் மேல். கூலிக்காக விலையை ஏற்றினால் விற்பனைத் தொகையும் ஏறும், ராயல்டியும் ஏறும். கூலிச் சுமை மட்டும் இவர் தலையில். எதிர்ப்பு அணியின் மிக நல்ல வாதம் இது என்பேன். ஆதரவு அணி இதையே திருப்பிப் போடலாம்: அப்படியென்றால் உங்கள் சண்டை பிஸ்கட் சுடுகிறவரோடு இல்லையே, தலைமை நிறுவனத்தோடுதானே?

கடைசியில் நடுவர் “சரி, என்னதான் செய்யலாம்?” என்பார். எண்ணை மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடாதீர்கள். என்னைக் கேட்டால், கூலியை உயர்த்தலாம், கூடவே மணி நேரத்துக்கும் பாதுகாப்பு வேண்டும். நியூயார்க் நகரத்தில் ஃபாஸ்ட் ஃபுட் ஊழியருக்கு அட்டவணையை 14 நாள் முன்னதாகத் தர வேண்டும் என்று 2017 முதல் சட்டம் இருக்கிறது. 2021 ஜூலையிலிருந்து, தக்க காரணமில்லாமல் மணி நேரத்தை 15 சதவீதத்துக்கு மேல் குறைக்கவும் முடியாது. 30-லிருந்து 24 என்பது 20 சதவீதம், அங்கே அது காரணமில்லாமல் நடக்காது. எதிர்ப்பு அணியினர் இதற்கும் தயாராகப் போங்கள்: மழை பெய்து கூட்டமே வராத செவ்வாய்க்கிழமைக்கும் சேர்த்து அந்தச் சம்பளத்தை யார் கட்டுவது என்று கேளுங்கள். அதற்கு ஆதரவு அணியிடம் எண்ணோடு பதில் இருக்கிறதா என்று பார்ப்போம்.